பாக்கி அறுபது

இட்லிக் குண்டானைத் துணியில் சுற்றி
எடுத்துப்போனார்கள், சாட்சிப்பொருள் என்று.
அப்புறம் வீட்டில் தோசைதான்.

முனிரத்தினத்தைத் தெரியுமா என்று
பொதட்டூர்ப்பேட்டை ஸ்டேஷனில் கேட்டார்கள்.
நகரியிலிருந்து வந்தவர்கள் தெலுங்கில் கேட்டார்கள்.
இரண்டுக்கும் என்னிடம் ஒரே பதில்:
செவ்வாய்க்கிழமை வருவான்.
மொபெட்டின் பின்னால் எவர்சில்வர் கட்டு
அவன் தலைக்கு மேல் நிற்கும்.
கால்வாய்க்கு இந்தப் பக்கம் தமிழ், தாண்டினால் தெலுங்கு,
எதிலும் குரல் உயர்த்தமாட்டான்.
வாரம் இருபது.
தராவிட்டால் நோட்டில் ஒரு புள்ளி. அவ்வளவுதான்.

நீள நோட்டு, ஏழுமலையான் அட்டை.
கணக்கு முடிந்த பெயரைச் சுற்றி
சிவப்பு மையில் வட்டம் போடுவான்.
ஒரு டம்ளர் இனாம்.
பெயர் வெட்ட ஒரு வாரம் ஆகும், அக்கா,
வெட்டினதும் நானே ராத்திரி கொண்டுவந்து தருகிறேன்
என்பானாம்.
எனக்குச் சொன்னதில்லை.

சம்பூர்ணத்தின் டம்ளர்
பாயருகே கவிழ்ந்து கிடந்தது,
பெயரில் ஒரு புள்ளி விட்டுப்போய்.
எனக்கு இரண்டு தறி தள்ளி நின்றவள்.
புருஷன் திருப்பூர் போனவன் போனவன்தான்.
காதில் இருந்தது ஒன்றரை கிராம்,
பஞ்சுத் தூசியைவிடக் கொஞ்சம் கனம் என்று
அவளே சொல்லிச் சிரிப்பாள்.

சத்திரவாடா நாகபூஷணம்மா,
மாங்கூழ் கம்பெனியில் கொட்டை பிரிக்கிறவள்.
பிச்சாட்டூர் ரெஜினா.
நான்காவது ஒருத்திக்கு நோட்டில் பெயர் இருந்தது,
ஊர் இல்லை. தேடியும் யாரும் வரவில்லை.
கொசஸ்தலை மணலில் அவளைக் கண்டபோது
தலை அங்கே, கால் இங்கே என்று
இரண்டு போலீசும் மதியம்வரை அளந்தார்கள்.
எல்லைக்கல்லை எவனோ
மணல் லாரி திரும்புவதற்காகப் பிடுங்கி
வேறெங்கோ நட்டிருந்தான்.

பெண் இன்ஸ்பெக்டர் நோட்டை விரித்துக் காட்டினார்.
கஸ்தூரி, மூணாவது தறி.
புள்ளி புள்ளி புள்ளி புள்ளி புள்ளி.
பாக்கி அறுபது.
வட்டம் இல்லை.

அது நூல் விலை ஏறிக் கூலி பாதியான மாசம்.
ஐந்து செவ்வாயும்
பாவு உருளைக்குப் பின்னால் குந்தியிருந்தேன்.
சோறு கொண்டுவந்த பையனை
அம்மா இல்லை என்று சொல்லவைத்தேன்.
பொய் சொன்ன பிள்ளை கையில்
கடலைமிட்டாய் வைத்துவிட்டுப் போவான்.

தேசம்மா காப்பாத்தினா என்கிறாள் பக்கத்து வீட்டு முனெம்மா.
தேசம்மாவுக்குப் பொங்கல் வைக்கவும்
அந்த மாசம் காசில்லை எனக்கு.

திருத்தணி கோர்ட்டில் கூண்டில் நின்றான், இளைத்து,
சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு.
அடையாளம் காட்டச் சொன்னார்கள். காட்டினேன்.
கோபமில்லை அவன் முகத்தில்.
மறந்த ஒன்று ஞாபகம் வந்ததுபோல
உதடு மட்டும் அசைந்தது.
வக்கீலுக்குக் கேட்கவில்லை, ஜட்ஜுக்கும் கேட்கவில்லை.
இருபது வருஷம் தறிச்சத்தத்தில் நின்றவள் நான்,
உதட்டில் வாசிக்கத் தெரியும்.
எண்ணைத்தான் சொன்னான்.

டிவிக்காரனுக்குக் கடைசி நூறு இன்னும் தரவில்லை.
பால்காரிக்கு எட்டு ரூபாய்.
குழுவில் ஒரு தவணை நிற்கிறது,
மேனேஜர் வாசலில் நின்று தெரு கேட்கக் கத்துகிறார்.
காசு இருக்கிறது, முந்தானை முடிச்சில்.
கத்தட்டும்.

சம்பூர்ணம் ஒரு வாரம்கூடத் தவறியதில்லை.
நாணயமானவள் என்று தறிக்கூடமே சொல்லும்.

கேஸ் முடிந்து குண்டானைத் திருப்பித் தந்தார்கள்.
மூடிமேல் சாட்சி எண் பதினாலு,
எவனோ கான்ஸ்டபிள் சிவப்பு பெயிண்டில் எழுதி
அழகுக்கென்று சுற்றி ஒரு வட்டம் போட்டிருக்கிறான்.

நாரும் சாம்பலும் வைத்துத்
தேய்த்துக்கொண்டிருக்கிறேன்.